சாவி யாரிடம்? முடிவில்லாமல் சுற்றிய கம்ப்யூட்டரின் கதை

வாளையாரிலிருந்து கோவிந்தாபுரம் வரையிலும், மறையூரிலிருந்து குமுளி வரையிலும் கேரள எல்லையோரத்தில் வாழும் தமிழர்களுக்கு ஆபீஸ் மேஜைகளைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு மாநிலம், இரண்டு மொழி, இரண்டு தாலுகா ஆபீஸ். "அங்கே பெயரை நீக்கியதற்குச் சான்று கொண்டு வாருங்கள், இங்கே சேர்த்துக்கொள்கிறோம்" என்று இந்த மேஜையில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "அங்கே சேர்த்ததற்குச் சான்று கொண்டு வாருங்கள், இங்கே நீக்கிவிடுகிறோம்" என்று அந்த மேஜையில் சொல்கிறார்கள். இரு குமாஸ்தாக்களும் விதிப்படிதான் பேசுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இருவர் பேரிலும் குற்றமில்லை. ஆனால் நடுவில் அகப்பட்டவர் பஸ் ஏறுவதும் இறங்குவதுமாக அலைய வேண்டியதுதான்.

இதே சங்கடம் கம்ப்யூட்டருக்கும் உண்டு. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான இயந்திரங்களில் ஓடும் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியிலேயே இப்படியொரு சுழல் ஒளிந்திருந்தது. 2014 டிசம்பரில் ஜப்பானிய என்ஜினீயர் ஒருவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். உலகின் கெட்டிக்கார புரோகிராமர்கள் கூடிப் பேசியும், அதற்குப் பரிகாரம் நடைமுறைக்கு வர 2016 மே மாதம் ஆயிற்று. ஒரு சுழலை நிறுத்த ஏன் அத்தனை காலம்? அந்தக் கதை கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆபீஸில் கோப்பு நகர்த்துகிறவர்களுக்கும், கோப்பு நகரக் காத்திருக்கிறவர்களுக்கும் அது நன்றாகவே புரியும்.

நம் வீட்டிலும் உள்ள லினக்ஸ்

முதலில் லினக்ஸ் யார் என்று பார்ப்போம். 1991-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு அவர் அதை உலகத்துக்கு விட்டார். பின்னர் ஆயிரக்கணக்கானவர்கள் கை வைத்து அது வளர்ந்தது.

கேரளத்துக்கும் இந்த வகைச் சுதந்திர மென்பொருளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 2001 ஜூலையில் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. அந்த இயக்கத்தின் மூலவரான ரிச்சர்ட் ஸ்டால்மன் அதற்காக நேரில் வந்திருந்தார். பின்னர் கேரள அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்கள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. இன்று 'கைட்' என்ற அரசு நிறுவனம் அந்தப் பணியைக் கவனிக்கிறது. தகவல் தொழில்நுட்பப் பாடநூல் தமிழிலும் அச்சாகிறது. சித்தூர் தாலுகாவிலும், மூணாறு, பீர்மேடு வட்டாரங்களிலும் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் பள்ளியில் கம்ப்யூட்டரைத் தட்டினால், திரைக்குப் பின்னால் ஓடுவது லினக்ஸ்தான்.

பள்ளிக்கூடம் மட்டுமல்ல. உங்கள் சட்டைப் பையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் லினக்ஸ்தான். ஆகவே இது எங்கோ அமெரிக்காவிலோ ஜப்பானிலோ நடந்த சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம்.

லினக்ஸின் மையப் பகுதியைக் கெர்னல் என்பார்கள். தேங்காயின் பருப்பு போல உள்ளே இருப்பது என்று பொருள். நாம் பார்ப்பது கடிதம் எழுதும் புரோகிராம், படம் பார்க்கும் புரோகிராம் போன்றவற்றை. இவற்றில் யாருக்கு எப்போது இயந்திரத்தின் நேரம் கிடைக்கும், யாருக்கு எவ்வளவு மெமரி கிடைக்கும் என்று பங்கிட்டுக் கொடுப்பது கெர்னலின் வேலை. கெர்னல் நின்றால் எல்லாம் நிற்கும்.

சுழலும் முடிவில்லாச் சுழலும்

கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியை லூப் என்பார்கள். தமிழில் சுழல் எனலாம். "மூட்டையில் கொழுந்து இருக்கும் வரை, ஒரு கூடை அள்ளி எடை போடு" என்பது ஒரு சுழல். மூட்டை காலியானால் சுழல் நிற்கும். நிற்பதற்கான நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாமல் போனால் அது முடிவில்லாச் சுழல்.

இதற்குப் பெயர் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 2008 டிசம்பர் 31-ந் தேதி, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 30 ஜிகாபைட் ஸூன் என்ற பாட்டுக் கேட்கும் கருவிகள் ஒரே சமயத்தில் உறைந்து நின்றன. காரணம் என்ன? 2008 லீப் ஆண்டு. 366 நாட்கள். கருவியில் தேதியைக் கணக்கிடும் பகுதி, நாட்களின் எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும் வரை ஒவ்வோர் ஆண்டாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். லீப் ஆண்டாக இருந்தால், 366-க்கு மேல் இருக்கும்போதுதான் கழிக்க வேண்டும். சரியாக 366-வது நாளில் என்ன ஆகும்? எண் 365-க்கு மேல் இருக்கிறது, ஆகவே சுழல் நிற்காது. 366-க்கு மேல் இல்லை, ஆகவே எதுவும் கழியாது. கழியாததால் எண் மாறாது. பாட்டரி முழுவதும் தீர்ந்த பிறகு, மறுநாள் மீண்டும் சார்ஜ் செய்து இயக்கியபோது கருவிகள் சரியாகிவிட்டன.

இத்தகைய சுழல்களைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதிவிடலாமே என்று தோன்றும். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று சொல்லும் பொதுவான முறை இருக்க முடியாது என்று 1936-லேயே இங்கிலாந்தின் ஆலன் டூரிங் கணிதப்படி நிரூபித்துவிட்டார். ஆகவே மனிதர்கள்தான் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஸூன் கருவியின் பிழை ஒரே மேஜையில் நடந்தது. ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது. லினக்ஸின் மெமரிப் பகுதியில் இருந்ததோ இரண்டு மேஜைகளுக்கு இடையில் நடந்த சுழல். அதைப் புரிந்துகொள்ளக் குமுளிக்குப் போவோம்.

சீசன் நேரத்து லாட்ஜ்

மண்டல காலத்தில் ஐயப்ப பக்தர்கள் குமுளி வழியாகத் திரள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே ஒரு லாட்ஜ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கெர்னல்தான் அதன் மானேஜர். புரோகிராம்கள்தான் அறை கேட்டு வரும் பார்ட்டிகள். மெமரிதான் அறைகள்.

கம்ப்யூட்டரில் அறைக்குப் பேஜ், அதாவது பக்கம் என்று பெயர். நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களில் ஒரு பக்கத்தின் அளவு 4,096 பைட். ஒரு ஜிகாபைட் மெமரியில் 2,62,144 பக்கங்கள் அடங்கும்.

மானேஜர் கையில் உள்ள அறைகளைவிட அதிகமாகவே புக்கிங் எடுக்கிறார். பதிவு செய்த எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. இது மோசடி அல்ல. புரோகிராம்கள் கேட்பது அதிகம், உண்மையில் பயன்படுத்துவது குறைவு. அனுபவத்தில் கண்ட இந்த உண்மையை வைத்துத்தான் லினக்ஸும் தாராளமாக வாக்குக் கொடுக்கிறது.

ஆனால் ஒரு நாள் எல்லோரும் வந்துவிட்டால்? மானேஜர் முதலில் பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்த அறைகளைக் காலி செய்து கொடுப்பார். அடுத்தபடியாக, இப்போது தேவைப்படாத மூட்டைகளைப் பக்கத்துக் கிடங்குக்கு அனுப்புவார். கம்ப்யூட்டரில் இந்தக் கிடங்குதான் டிஸ்க். அப்படியும் இடம் போதவில்லையென்றால் கடைசி வழி ஒன்றே ஒன்று. யாராவது ஒரு பார்ட்டியை வெளியேற்ற வேண்டும்.

லினக்ஸில் இந்தக் கடைசி வழிக்கு ஓ.ஓ.எம். கில்லர் என்று பெயர். மெமரி தீர்ந்தபோது கொல்பவன் என்று அர்த்தம். கேட்கக் கொடூரமாக இருந்தாலும், மொத்த இயந்திரமும் விழுவதைவிட ஒரு புரோகிராம் விழுவது மேல் என்ற நியாயம்தான். பெரும்பாலும் அதிக மெமரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராம்தான் பலியாகும். நீங்கள் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் திறந்து வைத்திருந்த இன்னொரு ஆப் காணாமல் போயிருக்கும் அல்லவா? அங்கே நடப்பதும் ஏறக்குறைய இதே வகை வெளியேற்றம்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. மானேஜர் "வெளியேறு" என்று உத்தரவுதான் போடுவார். மூட்டை முடிச்சுகளை எடுத்துக்கொண்டு, கணக்கை முடித்து, அறையை ஒப்படைக்க வேண்டியது அந்தப் பார்ட்டியே. உத்தரவு போட்ட மாத்திரத்தில் அறை காலியாகிவிடாது.

ஒரு பழைய வாக்குறுதி

இனி கதையின் முடிச்சுக்கு வருவோம். மெமரி கேட்பவர்கள் வெளிப் புரோகிராம்கள் மட்டுமல்ல. கெர்னலின் உள்ளேயே வேலை பார்க்கும் பகுதிகளும் அவ்வப்போது சிறு சிறு துண்டுகளாக மெமரி கேட்கும். டிஸ்கில் கோப்புகளை எழுதும் பகுதி அவற்றில் முக்கியமானது.

கெர்னல் எழுதுகிறவர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த பாடம் இது: "மெமரி கேட்டால் கிடைக்காமல் போகலாம். கிடைக்கவில்லையென்றால் என்ன செய்வது என்று கட்டாயம் எழுதி வை." எல்லோரும் அப்படியே எழுதியும் வைத்தார்கள். கெர்னலில் ஆயிரக்கணக்கான இடங்களில் அந்த மாற்று ஏற்பாடு உண்டு.

ஆனால் மெமரியைக் கொடுக்கும் மேஜையில் நடைமுறை வேறாக இருந்தது. கேட்பது சிறிய அளவாக இருந்து, கேட்பவர் காத்திருக்கக் கூடிய நிலையில் இருந்தால், "இல்லை" என்று அது சொல்வதே இல்லை. எட்டுப் பக்கங்கள், அதாவது 32 கிலோபைட் வரை சிறிய அளவு. கிடைக்கும் வரை தேடிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுத் தேடும், கிடைக்காது. ஓ.ஓ.எம். கில்லரை அழைக்கும். மறுபடி ஒரு சுற்றுத் தேடும். இத்தனை தடவைதான் தேடலாம் என்ற வரம்பு அதற்கு இல்லை.

நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான் இது. நாலைந்து பக்கங்கள்கூடக் கிடைக்காத அளவுக்கு ஓர் இயந்திரம் வறண்டுவிடுமா? சற்றுப் பொறுத்தால் யாராவது காலி செய்வார்கள் என்ற எண்ணம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சமயம் அப்படித்தான் நடக்கும். மீதி ஒரு சமயம்தான் ஆபத்து.

பூட்டும் சாவியும்

அந்த ஆபத்தான சமயத்தை லாட்ஜிலேயே பார்ப்போம். லாட்ஜின் சிப்பந்தி ஒருவர் சாமான் அறையின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். நடுவில் அவருக்குச் சிறிய அறை ஒன்று தேவைப்படுகிறது. மானேஜரிடம் போய்க் கேட்கிறார். அறை இல்லை. "கொஞ்சம் பொறு" என்கிறார் மானேஜர். பெரிய பார்ட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெளியேறும்படி உத்தரவும் போடுகிறார்.

அந்தப் பார்ட்டி எங்கே இருக்கிறார்? சாமான் அறையின் பூட்டிய கதவுக்கு முன்னால் சாவிக்காகக் காத்து நிற்கிறார். கதவு திறந்து, எடுத்த காரியம் முடிந்த பிறகுதான் அவரால் நகர முடியும். சாவியோ சிப்பந்தியின் கையில். சிப்பந்தி தன் வேலை முடிந்தால்தான் சாவியை விடுவார். அறை கிடைத்தால்தான் அவர் வேலை முடியும். பார்ட்டி வெளியேறினால்தான் அறை கிடைக்கும்.

"வேறொரு பார்ட்டியை வெளியேற்றலாமே" என்று நீங்கள் கேட்கலாம். மானேஜர் அதற்கும் சம்மதிக்கமாட்டார். "ஒருவர் கிளம்பிக்கொண்டிருக்கிறார். அவர் போவதற்குள் இன்னொருவரை ஏன் அநியாயமாக விரட்ட வேண்டும்?" என்பார். இதுவும் நியாயமான விதிதான்.

ஆக, மூன்று நியாயமான விதிகள் சேர்ந்து ஓர் அநியாயத்தை உண்டாக்கின. சிப்பந்தி கேட்டுக்கொண்டே இருக்கிறார். மானேஜர் பொறு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கதவுக்கு முன்னால் நிற்பவர் நின்றுகொண்டே இருக்கிறார். வரிசையில் அடுத்து வருகிறவர்களும் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள்.

இயந்திரத்தில் இது நடக்கும்போது திரை உறைந்துவிடும். தட்டினால் எழுத்து விழாது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அணைத்தால், சேமித்து வைக்காத வேலை அத்தனையும் போயிற்று. நம் முன்னால் உள்ள கம்ப்யூட்டர் என்றால் கை நீட்டி அணைத்துவிடலாம். நள்ளிரவில் யாருமில்லாத அறையில், பல ஆயிரம் பேருக்காக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் என்றால்? ஓ.ஓ.எம். கில்லரை வைத்ததே இயந்திரம் முழுவதும் நிற்காமல் காப்பதற்காகத்தான். காப்பதற்கு வைத்த ஏற்பாடே காரியத்தைக் கெடுத்தது.

விடாப்பிடியான கேள்வி

இதைச் சுட்டிக்காட்டியவர் டெட்சுவோ ஹண்டா. மெமரிப் பகுதி அவருடைய சொந்தத் துறை அல்ல. லினக்ஸுக்கான டொமோயோ என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். மெமரியை வேண்டுமென்றே வறளச் செய்யும் சோதனைகளை நடத்தி, எக்ஸ்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையில் இயந்திரம் இப்படி மாட்டிக்கொள்வதை 2014 டிசம்பரில் அவர் எடுத்துக்காட்டினார்.

அதையொட்டி நடந்த விவாதத்தில்தான், சிறிய கோரிக்கைகள் தோற்பதே இல்லை என்ற உண்மை பலருக்குத் தெரிய வந்தது. எக்ஸ்.எஃப்.எஸ். பகுதியை நிர்வகித்த ஆஸ்திரேலியரான டேவ் சின்னருக்கே அது வியப்பாக இருந்தது. மெமரி கொடுக்கும் மேஜைக்கு ஒரு விதி, வாங்கும் மேஜைக்கு வேறு விதி. இருவரும் பல ஆண்டுகளாக அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் விதியை மற்றவர் அறியவில்லை.

ஏன் உடனே திருத்தவில்லை?

"வாக்குறுதியை எடுத்துவிடுங்கள். பல தடவை தேடியும் மெமரி இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லிவிடுங்கள். அதைச் சமாளிக்கத்தான் எல்லோரும் மாற்று ஏற்பாடு எழுதி வைத்திருக்கிறார்களே" என்று சொல்லத் தோன்றும். சிக்கல் அந்த மாற்று ஏற்பாட்டில்தான் இருந்தது.

தேயிலை பாக்டரிகளின் சுவரில் சிவப்பு வாளிகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தீப்பிடித்தால் மணல் வாரி இறைப்பதற்கு. பல வருஷங்கள் தீயே பிடிக்காமல், யாரும் அந்த வாளியைத் தொட்டே பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும்? தேவைப்படும் நாளில் தூக்கினால் அடி கழன்று வரும். கெர்னலின் மாற்று ஏற்பாடுகளும் அப்படித்தான். சிறிய கோரிக்கைகள் தோற்றதே இல்லை. ஆகவே தோற்றால் ஓட வேண்டிய பகுதிகள் பல ஒரு தடவைகூட ஓடிப் பார்த்ததில்லை. அவற்றில் எத்தனை பிழைகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன என்று யாரால் சொல்ல முடியும்?

இது வெறும் பயமல்ல. 2015 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.19 பதிப்பில் மெமரிப் பகுதியில் செய்த ஒரு மாற்றத்தால், கோப்பு முறைகள் கேட்கும் ஒரு வகைக் கோரிக்கைகள் எதிர்பாராமல் தோற்கத் தொடங்கின. உடனே கோப்பு முறைகளில் கோளாறுகள் தலைகாட்டின. அவசரமாக அந்த நடத்தை பழையபடியே மாற்றப்பட்டது. உறைந்து நிற்கும் இயந்திரம் ஒரு கஷ்டம் என்றால், டிஸ்கில் உள்ள கோப்புகள் கெட்டுப் போவது அதைவிடப் பெரிய கஷ்டம்.

வாக்குறுதியைக் காப்பாற்றினால் சுழல். மீறினால் சேதம். 2015 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மெமரி, கோப்பு முறை வல்லுநர்கள் ஆண்டுதோறும் கூடும் கூட்டத்தில் இந்தப் பிரச்சினை நேருக்கு நேர் பேசப்பட்டது.

காத்திராத ஓர் ஆள்

அந்தக் கூட்டத்தில் மெல் கோர்மன் ஒரு யோசனை சொன்னார். ஓலெக் நெஸ்டெரோவ் என்பவருக்கும் தனியாக அதே யோசனை தோன்றியிருந்தது. சூசே நிறுவனத்தைச் சேர்ந்த மிஹல் ஹோக்கோ அதைச் செயல்வடிவமாக எழுதினார். 2016 மே 15-ந் தேதி வெளியான லினக்ஸ் 4.6 பதிப்பில் அது இடம் பெற்றது.

யோசனை எளிமையானது. வெளியேற உத்தரவு பெற்ற பார்ட்டி கதவுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறார். நிற்கட்டும். அவர் இனிமேல் தம் அறைக்குத் திரும்பி வரப்போவதில்லை என்பது நிச்சயம். உத்தரவு போட்டாகிவிட்டது. அப்படியென்றால் அவர் வந்து காலி செய்யட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? அவருக்கே உரிய அறைகளை வேறோர் ஆள் போய்க் காலி செய்துவிடலாமே!

கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால், கொல்ல உத்தரவான புரோகிராம் மறுபடியும் தன் வேலையைத் தொடரப்போவதில்லை. தன் சொந்த மெமரியில் எழுதி வைத்ததை அது இனிப் படித்துப் பார்க்காது. ஆகவே அது முறைப்படி சாவதற்கு முன்பே அந்த மெமரியைப் பிடுங்கிக்கொண்டாலும் கெடுதல் இல்லை. பிறரோடு பங்கிட்டுக்கொண்ட பக்கங்களைத் தொடக் கூடாது. அதற்கு மட்டும் சொந்தமானவற்றை எடுக்கலாம்.

இதற்காகவே தனியாக ஓர் ஆளைக் கெர்னலுக்குள் நியமித்தார்கள். ஓ.ஓ.எம். ரீப்பர் என்று பெயர். ரீப்பர் என்றால் அறுவடை செய்கிறவன். அவனுக்கு வேறு வேலை கிடையாது. முக்கியமாக, பிறர் காத்திருக்கும் சாவி எதையும் அவன் கையில் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. ஆகவே மற்றவர்களோடு சேர்ந்து அவனும் மாட்டிக்கொள்ளமாட்டான். அவன் பக்கங்களை விடுவித்ததும் சிப்பந்திக்கு அறை கிடைக்கும். வேலை முடிந்து சாவி விடுபடும். கதவுக்கு முன்னால் நின்றவரும் முறைப்படி கணக்கை முடித்துக்கொண்டு போவார்.

ரீப்பருக்கும் ஒரு பூட்டு தேவைப்படும். பலியான புரோகிராமின் மெமரிக் கணக்கைப் பிரிக்கும் பூட்டு அது. அது கிடைக்காவிட்டால் அவனும் நின்றுவிடுவானே? இதையும் யோசித்திருந்தார்கள். அவன் பூட்டுக்காகக் காத்து நிற்பதில்லை. திறந்திருக்கிறதா என்று பார்ப்பான். இல்லையென்றால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பொறுத்து மறுபடி பார்ப்பான். இப்படி மொத்தம் 10 தடவை. அதற்கு மேல் பார்க்கமாட்டான். கைவிட்டு அடுத்த காரியத்துக்குப் போய்விடுவான். பின்னர் வந்த திருத்தங்களில், இப்படிக் கைவிட்ட பார்ட்டிமேல் குறி ஒன்று இடப்படும் என்றும், மானேஜர் அவருக்காகக் காத்திராமல் வேறொருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் விதி வந்தது.

2016 ஜூலையில் வெளியான 4.7 பதிப்பில் மெமரி தேடும் மேஜைக்கும் ஒரு கணக்கு வைத்தார்கள். முன்னேற்றம் எதுவும் இல்லாமல் 16 சுற்றுத் தேடியாகிவிட்டால், "இன்னும் ஏதாவது கிடைக்கும்" என்று நம்பிக்கொண்டிராமல் ஓ.ஓ.எம். கில்லரை அழைத்துவிட வேண்டும். வரம்பில்லாத காத்திருப்புக்கு 10 என்றும் 16 என்றும் இரண்டு சாதாரண எண்கள் வரம்பு கட்டின.

பழைய வாக்குறுதி என்ன ஆயிற்று? அது இன்றும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. சிறிய கோரிக்கைகள் நடைமுறையில் தோற்பதில்லை. அதை நம்பி வாழும் பகுதிகள் அத்தனை. சுழல் விழுந்தால் அதை அவிழ்க்க ஓர் ஆளை வைத்துவிட்டு, வாக்குறுதியை விட்டுவைத்தார்கள்.

போன் வரை வந்த திருத்தம்

இந்தத் திருத்தத்தின் பயன் பெரிய இயந்திரங்களோடு நிற்கவில்லை. 2021 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 5.15 பதிப்பில், சாகும் நிலையில் உள்ள புரோகிராமின் மெமரியைக் காத்திராமல் உடனே திரும்பப் பெறும்படி கெர்னலைக் கேட்கும் வசதி வந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் மெமரி குறையும்போது ஆப்களை மூடும் காவல் புரோகிராமின் தேவைக்காக எழுதப்பட்ட வசதி அது. மெமரி குறைந்த மலிவு விலை போன்களில்தான் இந்த நெருக்கடி அடிக்கடி வரும். எஸ்டேட் லயத்திலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளியின் கையில் இருப்பதும் பெரும்பாலும் அத்தகைய போன்தான்.

கேரளப் பள்ளிகளுக்காக 2019-ல் வெளியிடப்பட்ட சிஸ்டம், உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. அதன் கெர்னல் 4.6-க்குப் பிந்தியது. ஆகவே ஜப்பானில் எழுந்த கேள்விக்கும் பாஸ்டனில் தோன்றிய யோசனைக்கும் கிடைத்த விடை, மூணாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் உள்ள பள்ளி கம்ப்யூட்டர்களுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

அது பூட்டி வைத்த ரகசியமும் அல்ல. லினக்ஸ் கெர்னலின் மெமரிப் பகுதியில் இதற்கென்று உள்ள கோப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். 10 என்ற அந்த எண் அங்கே பச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. துறைக்கு வெளியே இருந்த ஹண்டா கேள்வி கேட்க முடிந்ததற்கும் காரணம் இதுவே. கோப்பு திறந்திருந்தது. இரண்டு மேஜையின் விதிகளையும் அவரால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

பிள்ளைகள் பள்ளியில் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள் என்றால், தட்டச்சும் படம் வரைவதும் மட்டும் கற்றால் போதாது. "இது ஏன் நின்றது?" என்று கேட்கவும், கோப்பைத் திறந்து பார்க்கவும் பழக வேண்டும். தமிழ் மீடியம் என்பதால் அதற்குத் தடை ஏதுமில்லை. சுழல் எந்த மேஜைகளுக்கு நடுவில் விழுந்திருக்கிறது, சாவி யார் கையில் இருக்கிறது, எத்தனை தடவை காத்திருக்கலாம் என்று கணக்குப் பார்ப்பதற்கு எந்த மொழியும் போதும். இந்தக் கணக்கை நம் எல்லையோர ஆபீஸ்களிலும் யாராவது ஒருவர் போட்டுப் பார்த்தால், பஸ் ஏறி இறங்குகிற பல பேருக்குப் புண்ணியமாகப் போகும்.